இடஞ்சுற்று

காரச்சி மலையை வலமாகச் சுற்றினால் கேட்டது கிடைக்கும், இடமாகச் சுற்றினால் நினைத்த ஆள் கெட்டுப்போவான் என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். தமயந்தி இடமாகச் சுற்றத் தொடங்கியபோது வெயில் பாறைகளின் தலையை மட்டும் தொட்டிருந்தது. செங்குடிப்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியவள், கண்மாய்க்கரையில் நின்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மலை தன் இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டு நடந்தாள். மலை என்பது பெயருக்குத்தான். யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு வேலையை முடிக்காமல் போய்விட்ட மாதிரி பாறைகள், பாறைகளுக்கு மேல் பாறைகள், இப்போ விழுமோ அப்போ விழுமோ என்று. அதைச் சுற்றி நாலு ஊர். ஊரிலிருந்து ஊருக்கு வண்டித்தடம், தடம் இல்லாத இடத்தில் ஒற்றையடிப் பாதை. வயர்க்கூடைக்குள் ஒரு பிடி காய்ந்த மிளகாய், செல்போன், தண்ணீர் பாட்டில். வயிற்றில் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு போனால்தான் பலிக்குமாம். நான் இதையெல்லாம் நம்புகிற ஆளா, என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஜோசியக்காரன் வாசலைக்கூட மிதிக்காதவள், பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுப் போகிறவள். ஆனால் வேறு எங்கே போவது, எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய், என் சிநேகிதி என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுப்பது. சௌந்தரம். சௌந்தரம். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெயர் செருப்புக்கு அடியில் சரளை மாதிரி நெரிந்தது.

சாகக் கூடாது அவள். செத்தால் தீர்ந்தது, மாலை போட்டுப் படத்தை மாட்டி நல்லவள் என்று சொல்லிவிடுவார்கள், நானும் போய் அழ வேண்டியிருக்கும். கை நடுங்க வேண்டும். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து நூலை ஊசியில் கோக்கப் பார்த்து, கோக்கப் பார்த்து, முடியாமல் போக வேண்டும். தெருவே அவளிடம்தான் ஜாக்கெட் தைக்கிறது, அவள் கை வைத்தால் தோளில் ஒரு சுருக்கம் விழாது, அந்தக் கை. இல்லை, கை வேண்டாம், கண். கண் போனால் பாவம் என்று நாலு பேர் வந்து கூட இருப்பார்கள். அதுவும் வேண்டாம். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் போக வேண்டும். அவள் வாசலில் நின்று ‘என்னக்கா விசேஷம்’ என்று கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். அதுதான் சரி, அதுதான் அவளுக்கு அளவாக இருக்கும். தமயந்தியும் தையல் படித்தவள்தான், சௌந்தரத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். சாபமாக இருந்தாலும் அளவெடுத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணி வீண். நெருஞ்சி முள் ஒன்று செருப்பைத் தாண்டிக் குத்தியது. குனிந்து பிடுங்கினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், குனியலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை.

மகள் வதனிக்கு அப்போது ஒன்பது வயது. கூடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள், கண் மேலே செருகி, வாயோரம் நுரை. தமயந்திக்குக் கத்தக்கூட வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்று, சௌந்தரம் ஓடிவந்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடங்கும் வரை தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரும்போது தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘பொம்பளப் பிள்ளைடி, வெளியே தெரியக் கூடாது’ என்றாள். ‘எங்கிட்டருந்து போகாது’ என்றாள் அவள். போகவும் இல்லை, இந்த ஆடி வரைக்கும். எத்தனை வருஷம் காத்த வாய். சிவகங்கையில் இடம் அமைந்து, பூ வைத்து, ஆவணியில் நாள் குறித்து, கல்யாண ஜாக்கெட்டுக்கு அவளே அளவெடுத்து, ஒரு கையை வைத்துத் தைத்து இன்னொரு கையை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினாள். ‘வலிப்பு இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. ஒங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு இருக்கிற மனசாட்சி ஒங்களுக்கு இல்லையே.’ போனை வைத்த கையோடு தமயந்தி பக்கத்து வீட்டுக்குப் போனாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, கையில் சாக்பீஸோடு சௌந்தரம் நின்றாள். நீ சொன்னியா என்றதற்கு, ‘ஆமா, நாந்தான் சொன்னேன்’ என்றாள். ஏன் என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை என்று அழுதிருக்கலாம், அழுதிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். அப்படியே நின்றாள், மரம் மாதிரி. ஜாக்கெட் இன்னும் அவள் வீட்டில்தான் ஒற்றைக் கையோடு கிடக்கிறது.

எதிரே ஆறேழு பேர் வந்தார்கள், தொப்பியும் ஷூவும் முதுகில் பையுமாக மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை பார்க்க வருகிறவர்கள். முன்னால் வந்த பெண் நின்று, “ஆன்ட்டி, ரூட்டு இந்தப் பக்கம். நீங்க ராங் சைடுல போறீங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. வதனி வயசுதான் இருக்கும், வதனி மாதிரியே முன்பல் லேசாக ஏறியிருந்தது. “தெரியும்மா” என்றாள் தமயந்தி. அவர்களுக்குப் பின்னால் புல்லுக்கட்டோடு வந்த உள்ளூர்ப் பெண்பிள்ளைக்கு விஷயம் தெரியும். பாதையை விட்டு முள்ளுக்குள் இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தமயந்தி கடந்து போகும் வரை மூச்சைப் பிடித்தபடி நின்றாள். நான் என்ன பிணமா என்று நினைத்தாள் தமயந்தி, அப்புறம் அதிலே ஒரு சுகமும் இருந்தது, என்னைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுகிறாள். கல்யாணம் நின்ற அன்று வதனி அழவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினாள், ஃபேனைக்கூடப் போடாமல், வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. மறுவாரம் கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பிப் போனவள்தான். போனில் சாப்பிட்டியா, மழை பெய்யுதா, அப்பா மாத்திரை போட்டாரா, அவ்வளவுதான். துக்கத்தில் மரத்துப்போய்விட்டது பிள்ளைக்கு. அதற்கு முன்னால் ஒருநாள், பூ வைத்துவிட்டுப் போன அன்று ராத்திரியோ மறுநாளோ, அடுப்படியில் வந்து நின்று, ‘அம்மா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாமா’ என்று கேட்டாளே, அப்போது தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது, நான் என்ன சொன்னேன், வாயைக் கழுவு என்றேனா, அது இப்போது எதற்கு. அது இல்லை விஷயம். சௌந்தரம்தான் விஷயம். சௌந்தரம்.

மாமியார் பாறையும் மருமகள் பாறையும் ஒன்றை ஒன்று பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்கிற இடத்தில், நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. “யாருக்குத் தாயி?” என்றார், எந்த ஊருக்கு என்று கேட்கிற மாதிரி. தமயந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் இடமாகச் சுற்றுகிறவர்தான். “பக்கத்து வீட்டுக்காரி” என்று வாயில் வந்துவிட்டது. “எனக்குப் பங்காளி. வீரணன்னு சொன்னா இந்த நாலு ஊருலயும் தெரியும், நான் பெருசா இல்ல, எங் காளைதான் பெருசு. வாடிவாசல்ல அதத் தொட்ட ஆளு கெடையாது. தண்ணித்தொட்டியில மருந்தக் கலந்துட்டான்.” எழுந்து அவளோடு நடக்கத் தொடங்கினார். காளையின் கொம்பு, திமில், அது மோந்து பார்த்துவிட்டுத்தான் தவிடு தின்னும் என்பது, எல்லாம் சொன்னார். தமயந்திக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. ரெண்டு மாசமாக வீட்டில் நல்லதம்பி, அவள் புருஷன், ‘விடு, நமக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்’ என்று சொல்லிவிட்டு சௌந்தரம் வீட்டுக்காரனிடமே பேப்பர் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். விடாத மனுஷர் ஒருத்தராவது இருக்கிறாரே. “பலிச்சுச்சாங்கய்யா?” என்றாள். “பலிச்சுச்சே. போன தையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தான், போய்ட்டான்.” தமயந்தி நின்றுவிட்டாள். “அப்புறம் ஏன் இன்னும் சுத்துறீங்க?” வீரணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “அதான் தாயி எனக்கும் வெளங்கல. எதுக்குடா அந்த வாயில்லாச் சீவனக் கொன்னன்னு ஒரு நாள் அவன் வாசல்ல போய் நின்னு கேக்கணும்னு இருந்தேன். இன்னைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்னு சுத்திக்கிட்டே இருந்துட்டேன். போய்ட்டான் பய. இப்ப யாருகிட்டக் கேக்க? ஆத்திரம் மட்டும் அப்புடியே நிக்கிது.” ஆலடிப்புதூர் டீக்கடை தெரிந்ததும் அவர், நடங்க தாயி, நான் ஒரு டீயக் குடிச்சிட்டு வாறேன் என்று ஒதுங்கிவிட்டார். வெறும் வயிற்றுக் கணக்கெல்லாம் அவருக்குப் போய்விட்டது போலிருக்கிறது. கிறுக்கு மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் தமயந்தி. நான் கேட்டாகிவிட்டது. நான் அன்றைக்கே கேட்டுவிட்டேன், அவள்தான் சொல்லவில்லை.

காரச்சி என்கிற அந்தச் சாமிக்குக் கோயில் கிடையாது. ரெண்டு பெரிய பாறை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான இடுக்கில் நட்ட கல் ஒன்று, மிளகாய் பூசிப் பூசிச் சிவந்து, பக்கத்தில் ஓர் அம்மி. பூசை பார்க்கிற பெண் அறுபது வயதுக்காரி, கூலிக்குக் களையெடுக்கப் போகிறவள் மாதிரி தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவள் அதிகம் பேசவில்லை. “ஆளு பேரச் சொல்லிக்கிட்டே அரை. அரைச்சத நீயே பூசு. பூசிட்டுக் கையக் கழுவிராத. சுத்தி முடிச்சு, கெளம்புன எடத்துக்குப் போய்த்தான் கழுவணும். நடுவுல கழுவிட்டா ஒன் வினை ஒனக்கே திரும்பிரும், பாத்துக்க.” தமயந்தி அம்மி முன்னால் குந்தினாள். பெயரைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள், ஆனால் வாயைத் திறந்து சத்தமாகச் சொல்வது வேறு. ‘சௌந்தரம்’ என்றதும் பழக்கத்தில் அது கூப்பிடுகிற மாதிரி வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ‘என்னடி’ என்று கேட்டுவிடுவாளோ என்கிற மாதிரி. இன்னும் இறுக்கிச் சொன்னாள். குழவியை இழுக்க இழுக்க நெடி மூக்கில் ஏறி, இருமல் வந்து, கண்ணில் நீர் கொட்டி, இருமலுக்கு நடுவில் அவள் பெயர், அவளோடு யாரும் பேசக் கூடாது, யாரும் எதையும் சொல்லக் கூடாது, சௌந்தரம், சௌந்தரம். கல்லில் பூசும்போது கல் சூடாக இருந்தது. முடித்துவிட்டு எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது, பசி வந்த மாதிரி இருந்தது. கை எரியத் தொடங்கியது பத்து நிமிஷம் கழித்துத்தான். முதலில் நகக்கண், அப்புறம் விரலிடுக்கு, அப்புறம் உள்ளங்கை முழுக்கத் தணலை அள்ளிக்கொண்டு போகிற மாதிரி. எரியட்டும், எவ்வளவு எரிகிறதோ அவ்வளவும் அவளுக்கு என்று கையை உதறிக்கொண்டே நடந்தாள்.

கூடைக்குள் போன் அடித்தது. முழங்கையால் முந்தானையை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தாள். வதனி. “அம்மா, எங்க இருக்க?” “வெளியில.” “காரச்சி மலையிலயா?” யார் சொன்னது என்று கேட்குமுன் அவளே சொன்னாள், “அப்பா போன் பண்ணினாரு. மிளகாயக் காணோம், ஒங்கம்மாவையும் காணோம், விடிகாலையே போய்ட்டான்னாரு. யாருக்கும்மா?” தமயந்தி கையில் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். “சௌந்தரம் அத்தைக்கா? அம்மா, சொல்லு. அத்தைக்கா?” “வேற யாருக்கு” என்றாள். “அம்மா, நான்தான் அவங்களச் சொல்லச் சொன்னேன்.” பாதையோரம் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. “எனக்குத் திரும்ப வந்துச்சும்மா. ஹாஸ்டல்ல. போன வருஷம் ஒரு தடவ, இந்த ஆனியில ஒரு தடவ. மாத்திரை சாப்பிடுறேன், இப்ப நல்லாத்தான் இருக்கேன். மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்குப் பிடிக்கல. நேர்ல அவர்கிட்டச் சொல்ல நாக்கு வரல. அத்தைகிட்ட, நீங்க சொல்லிருங்கன்னேன். ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்னாங்க. நான்தான் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.” “ஏன்?” “நீ விட்டிருக்க மாட்ட.” தமயந்திக்கு என்னென்னவோ வந்தது, மாத்திரை என்ன மாத்திரை, எத்தனை வேளை, விழுந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. “சரி, வைக்கிறேன், கை எரியுது” என்றாள். வைத்துவிட்டாள்.

கொஞ்ச தூரத்தில் பாறையின் மடிப்பில் ஒரு சுனை. புரட்டாசித் தண்ணீர், வானம் தெரிகிற மாதிரி தெளிந்து, ஒரு பக்கம் பாசி. கழுவிவிட்டால் சௌந்தரத்துக்கு ஒன்றும் ஆகாது. கழுவினால் எனக்குத் திரும்பும், திரும்பட்டும், இனிமேல் எனக்குப் புதிதாக என்ன ஆகிவிடப்போகிறது. அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, வாசலில் நின்று நான் காறித் துப்பாத குறையாகப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நல்லவள். எவ்வளவு நல்லவள். தமயந்தி சுனையோரம் குந்தினாள், கையை நீட்டினாள், தண்ணீரின் குளிர்ச்சி தொடாமலேயே விரல்நுனிக்கு வந்தது. அப்போதுதான் அது அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, காலையில் இருந்த கோபமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. என் பிள்ளை அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஹாஸ்டல் தரையில் விழுந்து கிடந்ததை, என்னிடம் சொல்லாமல், பத்து மாசம் சுமந்த என்னிடம் சொல்லாமல், அந்த மிஷின்காரியிடம். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, தமயந்திக்குத் தெரியக் கூடாது என்று பேசியிருக்கிறார்கள், அந்த வீட்டுக் கூடத்தில், என் சுவருக்கு அந்தப் பக்கம், நான் இங்கே முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்திருப்பேன். கல்யாணத்தைக் கெடுத்தவள் என்றால்கூட மன்னித்துவிடலாம். என் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டாள், ஒரு சத்தமில்லாமல், அளவு பார்த்து, ஒரு சுருக்கம் விழாமல். கையை இழுத்துக்கொண்டாள். கழுவமாட்டேன். இதுவரைக்கும் சும்மா சுற்றினேன், இப்போதுதான் காரணம் கிடைத்திருக்கிறது. எழுந்தாள். நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணில் வியர்வை இறங்க, துடைக்கக் கை போனது, மிளகாய்க் கை, ஒரு நொடியில் வலக்கண் நெருப்பாகிவிட்டது. அரைக்கண்ணோடு, தடுமாறி, பாறையைத் தோளால் உரசிக்கொண்டு, மலை இடக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம் என்று முனகிக்கொண்டு அவள் நடந்து முடித்தாள்.

செங்குடிப்பட்டி விலக்கில் பஸ் இன்னும் வரவில்லை. கண்மாய்த் தண்ணீரில் கையை முக்கினாள், அது கேட்கிற எரிச்சலாக இல்லை. நிழற்குடையில் உட்கார்ந்து, முந்தானையால் போனை எடுத்தாள், மனசிலிருந்து அழித்துவிட்டதாக நினைத்திருந்த நம்பரை விரல் தானாகவே அடித்தது. ரெண்டாவது மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“சொல்லு” என்றாள் சௌந்தரம்.

“நான் இன்னைக்குக் காரச்சிக்குப் போய் ஒம் பேரச் சொல்லி மிளகா அரைச்சேன்.” குத்த வேண்டும் என்றுதான் சொன்னாள். கத்தி இறங்கிய சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள்.

மிஷின் நின்றது. “கழுவிட்டியா?”

“சுத்தி முடிச்சிட்டுத்தான் கழுவுனேன்.”

“எரியுதா?”

“எரியாம?”

“தண்ணிக்குக் கேக்காது. நல்லெண்ணெயத் தேச்சு, அப்புறம் சோப்புப் போடு. கண்ணுல வச்சுக்காத.”

தமயந்திக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. இவளை எதைக் கொண்டு அடித்தாலும் இவள் இப்படித்தான் நிற்பாள். “வதனி எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றாள். “நான் பெத்தவடி. எங்கிட்டச் சொல்லாத பிள்ள உங்கிட்ட எப்புடிச் சொல்லுச்சு? என்ன சொல்லி மயக்குன? எத்தன நாளா இப்புடி ரெண்டு பேரும்…”

“மயக்கவெல்லாம் இல்ல தமயா. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன். தோள்பட்டையில கன்னிப்போயிருந்துச்சு. எங்கடி விழுந்தன்னு கேட்டேன்.” கத்தரியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “கேட்டதும் அழுதுட்டா.”

அந்தக் காயத்தைத் தமயந்தியும் பார்த்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, ரவிக்கை விலகி, பச்சையும் நீலமுமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பார்த்துவிட்டு, ரவிக்கையைச் சரியாக இழுத்துவிட்டிருந்தாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, “மதுரையா? ஏறும்மா, ஏறு” என்றார். தமயந்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சௌந்தரமும் வைக்கவில்லை. கண்டக்டர் இன்னொரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.